கொரா: ரஷ்யத்தில் மலை, பல்கேரியத்தில் காடு – ஒரு சொற்பொருண்மை ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஸ்லாவிய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவான 'கொரா' என்னும் சொல் ரஷ்ய மொழியில் மலையையும் பல்கேரிய மொழியில் காட்டையும் குறிக்கின்றது. தமிழில் வழங்கும் வடசொல்லாகிய 'கிரி' இச்சொல்லுக்கு நெருங்கிய உறவுடையது. ஒரே சொல் உடன்பிறந்த இரு மொழிகளில் வேறுவேறு நிலப்பகுதிகளின் பெயராக நின்றமைக்கு நில அமைப்பு மட்டுமே காரணமன்று, அச்சொல்லைச் சூழ்ந்து நின்ற பிற சொற்களே அதன் பொருளை வரையறுத்தன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. இதற்கு இணையாகத் திராவிட மொழிகளில் 'மலை' என்னும் சொல் அடைந்த மாற்றமும், தமிழின் 'குறும்பொறை', 'இறும்பு' ஆகிய சொற்களின் இருபொருள் நிலையும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கொரா, கிரி, மலை, மலெ, பிளானினா, குறும்பொறை, சொற்புலம், பொருள் மாற்றம்

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிக் கோட்டை மூன்று குன்றுகளை இணைத்துக் கட்டப்பட்டது. அவை இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி எனப்படும். மூன்று பெயர்களும் 'கிரி' என்றே முடிகின்றன. இவற்றுள் உயர்ந்த இராஜகிரிக்குக் கமலகிரி, ஆனந்தகிரி என்னும் பழம்பெயர்களும் உண்டு. ஆனந்தக்கோன் என்பவன் அங்கு முதன்முதலில் அரண் எழுப்பினான் என்பது வழிவழியாக வரும் செய்தி. மக்களோ பேச்சு வழக்கில் இராஜா கோட்டை, இராணி கோட்டை என்றே கூறுவர். 'கிரி' ஏட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் வாழும் சொல்லாகவே இருந்து வருகின்றது.

அதே மாவட்டத்தில் திண்டிவனம் உள்ளது. அப்பெயர் திந்திருணி வனம், அதாவது புளியமரக் காடு, என்பதன் திரிபு என்று கூறுவர். அவ்வூர்ச் சிவபெருமானின் திருப்பெயரும் திந்திருணீசுவரர் என்பதாகும். 1993இல் விழுப்புரம் மாவட்டம் பிரிக்கப்படும்வரை இப்பகுதி முழுமையும் அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்தின் பெயரிலும் காடு இருந்தது. செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட அனந்தபுரத்தின் பெயரில் காடும் இல்லை, மலையும் இல்லை. எனினும் அதன் ஈற்றிலுள்ள 'புரம்' என்னும் வடசொல் கிரேக்கத்தின் 'போலிஸ்' என்னும் நகரப் பெயருக்கு உறவுடையது. கிரிமியாவின் செவஸ்தபோல் நகரமும் அனந்தபுரமும் ஈற்றுச் சொல்லால் தொலைவான உறவினர் என்பது இதனால் பெறப்படும்.

இவ்வட்டாரத்தில் கிரி என்றால் மலை, வனம் என்றால் காடு என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் 'கிரி'யின் ஸ்லாவிய உறவுச்சொல், ரஷ்ய மொழி பேசுவோரிடம் மலையாகவும் பல்கேரிய மொழி பேசுவோரிடம் காடாகவும் வழங்குகின்றது. இது ஏன் நேர்ந்தது என்னும் வினா ஸ்லாவியவியல் அறிஞர்க்கு மட்டும் உரியதன்று. நிலத்தை முதற்பொருளாகக் கொண்டு இலக்கணம் வகுத்த தமிழ் மரபைப் பிறமொழியாளர்க்கு விளக்க முற்படும் ஒவ்வொருவரும் இவ்வினாவை எதிர்கொள்ள வேண்டியுள்ளது.

சொல்லின் வேர்

இங்குக் 'கொரா' என்று எழுதப்படும் சொல்லின் முதல் மெய், 'அங்கம்' என்னும் சொல்லில் ஒலிக்கும் ஒலிப்புடைக் ககரமாகும். ரஷ்யத்தில் அழுத்தம் ஈற்றுயிரின்மேல் விழுவதால் முதலிலுள்ள ஒகரம் தளர்ந்து 'கரா' என்பதுபோல் கேட்கும். எழுத்து வடிவம் இரு மொழிகளிலும் ஒன்றே.

மாக்ஸ் ஃபாஸ்மர் 1950 முதல் 1958 வரை ஹைடல்பெர்கில் வெளியிட்டதும், ஒலெக் திருபச்சோவ் ரஷ்யத்தில் பெயர்த்து விரிவுபடுத்தியதுமாகிய ரஷ்யச் சொற்பிறப்பியல் அகராதி, இச்சொல்லுக்கு வடமொழிக் 'கிரி', அவெஸ்தா மொழிக் 'கைரி', லித்துவேனிய மொழிக் 'கிரியா' ஆகியவற்றை இனச்சொற்களாகக் காட்டுகின்றது. அவெஸ்தாச் சொல்லின் பொருள் மலை. ஆப்கானிஸ்தானத்தின் பஷ்தூ மொழியில் மலையைக் குறிக்கும் 'கர்' என்பதும் இவ்வழி வந்ததே. 'ஸ்பீன் கர்' என்றால் வெண்மலை. லித்துவேனியக் 'கிரியா'வின் பொருளோ காடு. அழிந்துபோன பழம் பிரஷ்ய மொழியின் சொற்பட்டியல் ஒன்றில் இவ்வினத்தைச் சேர்ந்த 'கரியன்' என்னும் சொல்லுக்கு மரம் என்றே பொருள் தரப்பட்டுள்ளது. ஆக, இந்திய ஈரானியக் கிளையில் மலை, பால்டிக் கிளையில் காடு அல்லது மரம், ஸ்லாவியக் கிளையில் இரண்டும் எனப் பொருள் பிரிந்து நிற்கின்றது.

ஒலி நிலையில் இவ்வுறவு உறுதியானது. தொல் இந்தோ-ஐரோப்பிய மொழியில் இதழ் குவித்து ஒலிக்கப்பட்ட ஒரு ககரம் இச்சொல்லின் முதலில் இருந்தது. அது இத்தகைய சூழலில் வடமொழியிலும் ஸ்லாவியத்திலும் வெறும் ககரமாயிற்று. இது ஒரு சொல்லில் மட்டும் கண்ட ஒப்புமையன்று. பசுவைக் குறிக்கும் வடமொழிச் சொல்லின் முதல் ககரமும், கால்நடையைக் குறிக்கும் பல்கேரியக் 'கொவெதொ', மாட்டிறைச்சியைக் குறிக்கும் ரஷ்யக் 'கவ்யாதினா' ஆகியவற்றின் முதல் ககரமும் இம்முறையிலேயே ஒத்து நிற்கின்றன. வடமொழியில் கழுத்தைக் குறிக்கும் 'க்ரீவா' (அழகிய கழுத்துடையவன் என்னும் பொருள்பட்ட சுக்ரீவன் பெயரில் நாம் அறிந்தது) ஸ்லாவிய மொழிகளில் குதிரையின் பிடரிமயிரைக் குறிக்கும் 'கிரிவா'வாக உள்ளது. உயிர் வேறுபாட்டுக்கும் விதி உண்டு. ஸ்லாவியச் சொல் வேரின் ஒகர நிலையிலிருந்தும், வடமொழி, லித்துவேனியச் சொற்கள் வேரின் உயிர் கெட்ட நிலையிலிருந்தும் தோன்றின. உயிர் கெட்டவிடத்து ரகரத்தையொட்டி இகரம் தோன்றியமையே கிரி, கிரியா என்னும் வடிவங்களுக்குக் காரணம்.

மலை, காடு இவ்விரண்டில் எது முந்தைய பொருள்? ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இந்திய ஈரானியத்திலும் பழைய ஸ்லாவியத்திலும் மலை என்னும் பொருள் காணப்படுவதால் அதையே மூலப்பொருளாகக் கொள்வது பொருத்தமுடையது. காட்டுப் பொருள் பின்னர்க் கிளைத்தது எனலாம்.

ரஷ்யத்தில் கொரா

ரஷ்ய மொழியில் இச்சொல் மலையைக் குறிப்பதோடு, தரையிலிருந்து சற்றே எழுந்த மேட்டையும் குறிக்கும். மாஸ்கோவில் அரசுப் பல்கலைக்கழகத்தின் நெடிய கட்டடம் நிற்கும் இடம் 'வொரொபியோவி கோரி', அதாவது குருவிமலைகள், எனப் பன்மையில் வழங்கப்படும். தமிழ்நாட்டார் எவரும் அதை மலை என்று ஏற்கமாட்டார். ஆற்றங்கரையில் உயர்ந்த ஒரு மேட்டுநிலமே அது. பனிக்காலத்தில் சிறுவர் சறுக்கி விளையாடும் மேடு 'கோர்கா', சிறுமலை, ஆகும். ஒரு செயல் விரைவில் நிகழவிருக்கிறது என்பதற்கு 'மலைகளுக்கு அப்பால் இல்லை' என்பது ரஷ்ய வழக்கு.

இதன் அடியாகப் பிறந்த 'கோர்னி' என்னும் பெயரடை மலைக்குரியது என்பதோடு சுரங்கத்துக்குரியது என்றும் பொருள்படும். 1773இல் பீட்டர்ஸ்பர்கில் தோன்றிய சுரங்கக் கல்வி நிறுவனம் இன்றும் 'கோர்னி' என்னும் அடையாலேயே அறியப்படுகின்றது. மலையை அகழ்ந்தே கனிமம் எடுத்தனராதலின் இவ்விரிவு இயல்பானது. பல்கேரிய மொழியில் இதற்கு நேரான 'கோர்ஸ்கி' என்னும் பெயரடை காட்டுக்குரியது என்று பொருள்படும்; 'கோர்ஸ்கி ஸ்த்ரஷார்' என்பவர் வனக்காவலர். ஒரு மொழியில் சுரங்கப் பொறியாளரை நினைவூட்டும் வேர், மற்றொன்றில் வனக்காவலரை நினைவூட்டுகின்றது.

ரஷ்யத்தில் காட்டைக் குறிக்கும் சொல் 'லெஸ்'. அது தொன்மையானது, வலுவானது, அன்றாட வழக்கில் ஆழ வேரூன்றியது. காட்டின் இடம் நிரம்பியிருந்ததால் கொரா அப்பக்கம் நகரவில்லை. நிலம் சமவெளியாக இருந்தும் மேடு என்னும் பொருளிலேயே அது நின்றுவிட்டது. இது முக்கியமான செய்தி. ஏனெனில் லித்துவேனியாவும் சமவெளி நாடே. அந்நாட்டின் மிக உயர்ந்த இடமே கடல்மட்டத்திலிருந்து 294 மீட்டர்தான். மலையற்ற நாட்டில் மலைப்பெயர் மரமடர்ந்த மேட்டின்மேலும், பின் காட்டின்மேலும் சென்றது என்று கூறுவது எளிது. அது முழு விளக்கமாயின் ரஷ்யச் சமவெளியிலும் அவ்வாறே நிகழ்ந்திருக்க வேண்டும். லித்துவேனியத்தில் மலைக்குக் 'கல்னஸ்' என்னும் வேறு சொல் நிலைபெற்றிருந்தது என்பதையும் சேர்த்து நோக்கினாலன்றி விளக்கம் நிறைவுறாது.

பல்கேரியத்தில் மலை காடானது

பல்கேரிய மண்ணில் எழுதப்பட்ட பழைய நூல்களில் கொரா மலையே. 9ஆம் நூற்றாண்டில் சிரிலும் மெதோடியசும் தொடங்கிவைத்த பழைய ஸ்லாவிய மொழிபெயர்ப்பு மரபில், ஏசுநாதர் ஏறிச்சென்று போதித்த மலை கொராவாகவே பெயர்க்கப்பட்டது. இன்று அம்மலைப்பொழிவை ரஷ்யர் கொராவின் அடியாகப் பிறந்த 'நகோர்னயா' என்னும் அடைகொடுத்து வழங்குவர். பல்கேரியர் 'பிளானினா' என்னும் வேறொரு சொல்லால் வழங்குவர். பழஞ்சொல்லையே இன்றும் ஆண்டிருந்தால், பொழிவு காட்டில் நிகழ்ந்ததாகக் கேட்போர் கொள்ளக்கூடும்.

பிளானினா என்பதன் வரலாறே இம்மாற்றத்துக்குத் திறவுகோல். இது வெறுமையான, திறந்த நிலம் என்னும் பொருளுடைய பழைய ஸ்லாவிய அடியிலிருந்து வந்தது. கார்பாத்திய மலைகளில் உக்ரேனியரும் போலந்தியரும் 'பொலொனினா' என வழங்கும் இதன் இனச்சொல், மரங்கள் வளரும் எல்லைக்கு மேலேயுள்ள புல்வெளியை, கோடையில் ஆட்டுமந்தைகளை ஓட்டிச் செல்லும் மேய்ச்சல் நிலத்தை, இன்றும் குறிக்கின்றது. பல்கேரியாவின் ரீலா மலைத்தொடரிலுள்ள முசலா சிகரம் 2925 மீட்டர் உயரமுடையது. இத்தகைய மலையில் அடிவாரத்திலிருந்து நெடுந்தொலைவு மரங்கள் செறிந்திருக்கும். அதற்குமேல் மொட்டைப் புல்வெளி விரியும். மேய்ப்பனுக்கு மேற்பகுதி பிளானினா, கீழே மரஞ்செறிந்த சரிவு கொரா. மேற்பகுதியின் பெயர் காலப்போக்கில் மலை முழுமைக்கும் பெயராயிற்று. மலைப்பொருளை இழந்த கொராவுக்குச் சரிவின் மரங்கள் எஞ்சின. பின்னர்ச் சமவெளியிலுள்ள காட்டையும் கொரா என்றே அழைத்தனர்.

இடப்பெயர்கள் பழமையை எளிதில் விடுவதில்லை. நாட்டின் நடுவே குறுக்காகச் செல்லும் பெருமலைத்தொடர் 'ஸ்தாரா பிளானினா', முதுமலை. அதற்குத் தெற்கே இணையாகச் செல்லும் சிறு தொடர் 'ஸ்ரெத்னா கொரா', நடுமலை. கிரேக்க நாட்டின் ஆத்தோஸ் துறவியர் மலை பல்கேரியர்க்கும் 'ஸ்வெத்தா கொரா', திருமலையே. மாண்டினீக்ரோ நாட்டின் உள்நாட்டுப் பெயரான 'த்ஸெர்னா கொரா' கருமலை எனப்படினும், அக்கருமை செறிந்த காட்டின் கருமை என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. செர்பிய மொழியில் கொரா இன்றளவும் இரு பொருளுக்கும் இடையே ஊசலாடுகின்றது. ஸ்லோவாக்கியத்தில் 'ஹொரா' மலையுமாம், காடுமாம்.

காட்டுப் பொருள் பல்கேரிய மக்கள் உள்ளத்தில் ஊன்றியதற்கு வரலாறும் துணைநின்றது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1878வரை நீடித்த உதுமானியர் ஆட்சியில், அதற்கெதிராகப் படைக்கலம் ஏந்திய 'ஹைதூத்'துகளுக்குப் புகலிடம் கொராவே. நாட்டார் பாடல்களில் அது தாயாக விளிக்கப்படுகின்றது. பிற ஸ்லாவிய மொழிகளைப்போல் பெயர்ச்சொல்லின் வேற்றுமையுருபுகளைக் காவாது பெரும்பாலும் இழந்துவிட்ட பல்கேரியம், விளியுருபைக் காத்துவருகிறது. 'கொரொ' என்று அப்பாடல்களில் காட்டை விளிப்பது அவ்வுருபாலேயே. 1857இல் கெயோர்கி ரக்கோவ்ஸ்கி வெளியிட்ட விடுதலைக் காவியத்தின் பெயர் 'கோர்ஸ்கி பத்னிக்', அதாவது காட்டுவழிப் பயணி. ரஷ்யர் ஒருவர் இத்தலைப்பை முதன்முறை காணும்போது மலைப்பயணி என்று கொள்வதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு.

'லெஸ்' என்னும் சொல் பல்கேரியத்தில் அறவே மறைந்துவிடவில்லை. கவிதை நடையிலும், வனவியல் துறைக் கூட்டுச்சொற்களிலும் அது உள்ளது. சோஃபியா நகரின் வனவியல் பல்கலைக்கழகத்தின் பெயர் லெஸ் என்றே தொடங்குகின்றது. அன்றாடப் பேச்சில் காட்டின் இருக்கை மட்டும் கொராவுக்கு உரியதாயிற்று. 1931இல் யோஸ்ட் டிரியர் முன்வைத்த சொற்புலக் கோட்பாடு இத்தகைய நிலையையே கருதுகின்றது. ஒரு சொல்லின் பொருள் அதனுள் அடங்கிக் கிடப்பதன்று. அதனருகில் நிற்கும் சொற்கள் விட்டுத்தந்த எல்லையே அதன் பொருள் எல்லை.

மலையும் மலெயும்

தமிழ், மலையாளம், தெலுங்கு ஆகியவற்றில் மலை, மல என்னும் வடிவங்கள் மலையைக் குறிக்கின்றன. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, திருத்திய பதிப்பு 1984) இவற்றோடு சேர்த்துத் தரும் கன்னட, துளு, குடகு வடிவங்களை நோக்கினால் பல்கேரியம் நினைவுக்கு வரும். கன்னட 'மலெ' மலையும் காடுமாம். துளுவில் அது காட்டையும் காடடர்ந்த மலையையும் குறிக்கும். குடகில் அடர்ந்த காட்டுநிலமே மலெ. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓயா மழையில் செழித்த மலைநாட்டை, 'மலெநாடு' என்று கன்னடர் கூறும்போது அவர் மனத்தில் எழுவது பாறைச் சிகரமன்று, பசுங்காடு. குவெம்புவின் 'மலெகளல்லி மதுமகளு' (1967) என்னும் நாவல் தலைப்பில் உள்ள மலெகள் இவையே. இதை மழையோடு இணைப்பது பிழை. கன்னடத்தில் மழை 'மளெ', ளகரம் பெற்று வரும். மழைமிகுந்த நாடாதலின் அப்பிழை எளிதில் நேர்கின்றது.

தனித்து எழுந்த மலையைச் சுட்டக் கன்னடத்துக்குப் 'பெட்ட' என்னும் சொல் இருந்தது. நீலகிரியின் உச்சியான 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா, பெருமலை என்று பொருள்படும். பெட்ட மலைப்பொருளை ஏற்றுக்கொண்டதால் மலெ காட்டின் பக்கம் சாய இடம் கிடைத்தது. பல்கேரியத்தில் பிளானினா செய்த வேலையைக் கன்னடத்தில் பெட்ட செய்தது எனலாம். நீலகிரியின் உயர்நிலம் இதற்குப் பொருத்தமான காட்சியாகவும் அமைகின்றது. அங்கே மேடுகள் புல்வெளி. மடிப்புகளில் மட்டும் சோலை. உலகின் இரு மூலைகளில் தொடர்பே இல்லாத இரு மொழிக்குடும்பங்கள் ஒரே வழியில் நடந்திருப்பது, மலை காடாக மாறுவது விந்தையன்று என்பதைக் காட்டுகின்றது. ஸ்பானிய 'மொந்தெ' என்னும் சொல்லும் மலையையும் புதர்க்காட்டையும் ஒருங்கே குறிக்கும். ஜெர்மனியின் 'ஷ்வார்ட்ஸ்வால்ட்' எதிர்த்திசையில் சென்றது. பெயரால் கருங்காடு, பொருளால் ஒரு மலைத்தொடர்.

தமிழில் மலை அசையாது நின்றது. குன்று, வரை, வெற்பு, சிலம்பு, விலங்கல், ஓங்கல் எனப் பல சொற்கள் இருந்தும் அவற்றுள் எதுவும் மலையை அதன் பொது இருக்கையிலிருந்து பெயர்க்கவில்லை. குன்று சிறுமைப் பொருளிலும் மற்றவை செய்யுள் வழக்கிலும் அமைந்தன. மறுபுறம் காடு என்னும் சொல் தன் இடத்தை விட்டுக் கொடுக்கவில்லை. கொங்கு வட்டாரத்தில் அது புன்செய் நிலமாகவும், சுடுகாடு, இடுகாடு என்பவற்றில் ஊர்ப்புறத் திறந்தவெளியாகவும் விரிந்தபோதும், மரஞ்செறிந்த நிலம் என்னும் முதற்பொருள் அதனிடமே இருந்தது. செஞ்சியின் நில அமைப்பும் இப்பிரிவினைக்கு ஒத்துழைப்பதே. பெரும்பாறைகளை அடுக்கி வைத்தாற்போன்ற இராஜகிரியைக் காண்போர் எவர்க்கும் அதைக் காடு என்றழைக்கத் தோன்றாது. அருகே திருவண்ணாமலையும் அத்தகையதே. அதன் வடமொழிப் பெயரான அருணாசலத்தின் ஈற்றிலுள்ள 'அசலம்', அசையாதது என்றே பொருள்படும்.

ஆயினும் மலை என்னும் தமிழ்ச்சொல்லின் நிழலில் காடு எப்போதும் இருந்துள்ளது. மலைபடு பொருள்கள் என மரபு எண்ணும் அகில், மிளகு, கோட்டம், தக்கோலம், குங்குமம் ஆகிய ஐந்தும் மரஞ்செடிகொடி தருவன. கல்லும் கனிமமும் அல்ல. செங்கண்மாவை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம் செஞ்சிக்கு மேற்கிலுள்ள மலைநாட்டை விரிக்கும் 583 அடி நூல். அதில் கூத்தர்க்குக் காட்டப்படும் மலைவழி, தினைப்புனமும் தேனும் விலங்கும் மலிந்த கானவர் வழியாகவே உள்ளது. சொல் மாறாது நின்றது. காட்சி மட்டும் கலந்தே இருந்தது.

குறும்பொறையும் இறும்பும்

மலை மாறவில்லை என்பதால் தமிழ் இவ்வகை மாற்றத்தை அறியாதது என்று முடிவுகட்டுதல் தவறு. 'பொறை' மலையின் பெயர்களுள் ஒன்று. 'குறும்பொறை' சிறுகுன்று. ஆனால் அகப்பொருள் இலக்கண மரபில் குறும்பொறை நாடன் என்பவன் குறிஞ்சித் தலைவன் அல்லன், முல்லைத் தலைவன். குறிஞ்சிக்கு வெற்பனும் சிலம்பனும் பொருப்பனும் உள்ளனர். மலைப்பெயர் கொண்ட ஒருவன் காட்டுநிலத்துக்குத் தலைவனாயினமையை எவ்வாறு விளக்குவது? அகராதிகள் குறும்பொறைக்குச் சிறுகுன்று, காடு என இரு பொருளும் தருவதே விடை. தாழ்ந்த, மரமும் புதரும் மூடிய குன்றுகளின் நிலம் காட்டுநிலமாகவே கொள்ளப்பட்டது. 'இறும்பு' என்னும் சொல்லும் சிறுமலை, குறுங்காடு என இருபொருள் தருகின்றது.

இவ்விரு சொற்களும் சிறுகுன்றைச் சுட்டுவன என்பது கருதத்தக்கது. பெருமலைக்கு 'மலை' என்னும் உறுதியான பெயர் இருந்தது. பெருங்காட்டுக்குக் 'காடு' இருந்தது. இரண்டுக்கும் இடைப்பட்ட, தெளிவாக எதுவும் ஆட்சி செலுத்தாத எல்லையில்தான் பொருள் நெகிழ்ந்தது. செஞ்சி வட்டத்துப் பக்கமலைக் குன்றுகளைப்போல் மரஞ்செறிந்த தாழ்குன்றுகளைக் காண்போர்க்கு இந்நெகிழ்ச்சி எளிதில் விளங்கும். பல்கேரியத்தில் சொற்புலம் முழுவதும் நடந்த இடமாற்றம், தமிழில் அதன் விளிம்பில் மட்டும் நடந்துள்ளது.

ஒலியொப்புமையின் இடர்

கொரா என்பதைக் கேட்டவுடன் குறிஞ்சி, குறவர், கோடு ஆகிய தமிழ்ச்சொற்களோடு அதை இணைக்க மனம் விரையும். பொருளும் ஒத்துவருவதால் இவ்விழைவு வலுப்பெறும். எனினும் இதற்கு இடமில்லை. குறிஞ்சியிலும் குறவரிலும் உள்ள மெய் றகரம். அது தமிழில் ரகரத்தின் வேறானது, திராவிட மொழிகளில் வேறுவகை இணைகளைக் கொண்டது. கொராவில் உள்ளதோ ரகரம். குறிஞ்சி முதலில் ஒரு செடியின் பெயர். நிலப்பெயர் அதன் வழியே வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, கொராவின் உறவு கிரி, கைரி, கிரியா என ஒழுங்கான ஒலிமாற்றங்களோடு பல கிளைகளில் பரவியுள்ளது. அதே ஒழுங்கைக் கால்நடைச் சொல்லிலும் கழுத்துச் சொல்லிலும் காண முடிகிறது. குறிஞ்சிக்கு அத்தகைய தொடர் எதுவும் ஸ்லாவியத்தில் இல்லை. தனியொரு சொல்லின் ஒப்புமை எவ்வளவு அழகாயினும் அது சான்றாகாது.

ஸ்லாவிய மொழிகளுக்குள்ளேயே இவ்விடர் உண்டு. ரஷ்யத்தில் நகரத்தைக் குறிக்கும் 'கோரத்', கொராவோடு ஒட்டியதுபோல் தோன்றும். மலைமேல் அரணெழுப்பி நகரமைத்தனர் என்று கதையும் கட்டலாம். செஞ்சியைச் சான்றாகவும் காட்டலாம்! ஆனால் அதன் பல்கேரிய வடிவம் 'கிராத்'. லெனின்கிராட், ஸ்டாலின்கிராட் ஆகியவற்றின் ஈறு இதுவே. வேலியிட்ட இடம் என்பது இதன் அடிப்பொருள். ரகரத்தின் இருமருங்கும் ஒகரம் பெறுவது கிழக்கு ஸ்லாவியத்துக்கே உரிய ஒலிவிதியாதலின் ரஷ்ய வடிவம் மட்டும் கொராவை ஒத்ததாகிவிட்டது.

தொ.மு.சி. ரகுநாதன் தமிழாக்கிய 'தாய்' வழியாகத் தமிழர் நன்கறிந்த மாக்சிம் கார்க்கியின் புனைபெயரும் மலையைச் சார்ந்ததன்று. கார்க்கி என்றால் கசப்பானவர். எரிதலைக் குறிக்கும் வேறொரு வேரிலிருந்து அது வந்தது. ரஷ்யத்தில் துயரத்தைக் குறிக்கும் 'கோரெ'யும் அவ்வேரினதே. பல்கேரியர் 'கோரெ' என்றால் மேலே என்பது பொருள்; அது கொராவின் அடியில் தோன்றியது. ஒலியும் அழுத்தமும் ஒத்த இரு சொற்களுள் ஒன்று துயரம், மற்றொன்று மேல்திசை. வேர்களும் வேறு. பழைய திருச்சபை மொழியின் வழியே ரஷ்யத்திலும் மேல்நோக்கி என்னும் பொருளில் இச்சொல் உண்டு; அங்கு அழுத்தம் ஈற்றில் விழும். ஓர் அழுத்தக் குறியின் இடமே இரண்டையும் பிரித்துக் காட்டுகின்றது.

குறிஞ்சியைப் பெயர்த்தல்

இவ்வேறுபாடு நடைமுறையில் எங்கு இடர் விளைக்கும் என்பதை ஐந்திணை மொழிபெயர்ப்பில் காணலாம். பழந்தமிழ் அகப்பாடல்களை ரஷ்ய வாசகர்க்கு அறிமுகப்படுத்தும் பணி நெடுங்காலமாக நடந்துவருகின்றது. மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி பழந்தமிழ்க் கவிதையின் சடங்கு, தொன்ம மூலங்களைப் பற்றி 1989இல் ரஷ்யத்தில் நூலெழுதினார். ரஷ்யத்தில் குறிஞ்சி நிலத்தைக் கொரா என்றும் முல்லை நிலத்தை லெஸ் என்றும் பெயர்ப்பதில் சிக்கல் எழாது. இத்தகைய ரஷ்ய நூல் ஒன்றிலிருந்து பல்கேரியத்துக்குச் செல்வோர், எழுத்து ஒன்றாயிருத்தல் கண்டு கொராவைக் கொராவாகவே விட்டுவிட்டால், குறிஞ்சி முல்லையாகிவிடும். தலைவனைக் களவில் கூடிய மலைச்சாரல், அவன் வினைமுடித்து மீளும் வரை ஆற்றியிருக்கும் காட்டுநிலமாக மாறும். புணர்தலும் இருத்தலும் இடம்மாறி நிற்கும். முதற்பொருள் தவறினால் உரிப்பொருளும் உடன் தவறும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

அங்குப் பிளானினாவை ஆள்வதே நேரிய வழி. ஆனால் அச்சொல்லின் அடியில் மரமற்ற மேய்ச்சல் புல்வெளியின் நினைவு கிடக்கின்றது. மந்தையும் மேய்ப்பனும் தமிழ் மரபில் முல்லைக்கு உரியவர்கள். வேங்கையும் மூங்கிலும் தேனடையும் நிறைந்த குறிஞ்சிச் சாரலுக்கு அந்நினைவு பொருந்துவதன்று. உருவத்தால் குறிஞ்சிக்கு அணுக்கமானது பல்கேரியக் கொராவே, அதாவது மரஞ்செறிந்த மலைச்சரிவு. பெயரளவிலோ அது காடு. ஆதலின் திணைப்பெயரைப் பெயர்க்காது குறிஞ்சி என்றே எழுதி, நிலத்தைப் பிளானினா என்றும், தலைவனும் தலைவியும் சந்திக்கும் சாரலை மட்டும் கொரா என்றும் பிரித்தாளுதல் தக்கது. இதே எச்சரிக்கை அண்மையிலும் வேண்டும். குறிஞ்சிப் பாடலைக் கன்னடத்துக்குப் பெயர்ப்போர் மலையை மலெ என்றெழுதினால் சாரலின் பசுமை கிடைக்கும், சிகரத்தின் உயரம் குறையும். பெட்ட என்றெழுதினால் உயரம் கிடைக்கும், பசுமை குறையும்.